மணிச்சத்து என்ற பெயரை நம்பினேன்

2022 ஏப்ரலில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். நாடு முழுக்க அதுதான் பேச்சு. புளியங்குடி மண்டியில் தெரிந்தவர்கள் எல்லாம் சாக்குச் சாக்காக இறக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து வயது மரம் இரண்டு ஏக்கரில் வைத்திருந்த நான், வீட்டில் ஊறுகாய் போட ஒரு கூடை காய் சேர்க்க இரண்டு நாள் தோட்டத்தைச் சுற்றினேன். மண்டியில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, விலை இன்னும் ஏறட்டும்னு மரத்துலயே வச்சிருக்கியளா?" என்று கேட்டார். கேலியா நிசமா என்று இன்றுவரை தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் உரம் போடாத சோம்பேறி இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஐந்து வருடம் தவறாமல், ஊரிலேயே அதிகமாக உரம் போட்ட ஆள் நான்தான். மரத்துக்கு வருடம் இரண்டு கிலோ டிஏபி, அரைக் கிலோ யூரியா. 220 மரத்துக்கு டிஏபி மட்டும் 440 கிலோ, கிட்டத்தட்ட ஒன்பது மூட்டை. மூட்டை 1,350 ரூபாய் என்று வைத்தால் 12,000 ரூபாய். பொட்டாஷ் ஒரு பிடிகூடப் போட்டதில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டால், பெயர்தான் காரணம் என்பேன். சிரிக்காதீர்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? தழைச்சத்து போட்டால் தழை வரும். சரி, அது கண்ணால் பார்த்தது. மணிச்சத்து போட்டால் மணி பிடிக்கும், அதாவது காய் பிடிக்கும் என்று நானாக எடுத்துக்கொண்டேன். சாம்பல் சத்தா, அடுப்பில் அள்ளிக் கொட்டுகிற சாம்பலுக்கு யாராவது காசு கொடுப்பானா? நெல்லை மனதில் வைத்து யாரோ வைத்த பெயராக இருக்கும். என் எலுமிச்சைக்கு அது எமனாக வந்தது. உரக்கடைக்காரரும் என் நம்பிக்கையைத் தடவிக் கொடுத்தார். "டிஏபி போட்டா இலை கருகருன்னு வரும் அண்ணாச்சி, காய் கொத்துக் கொத்தா தொங்கும்" என்பார். அவருக்கு மூட்டை போக வேண்டும். நான் கொடுத்த காசில் அவர் கடைக்கு ஏசி போட்டார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போட்டார்.

பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து வேருக்கும், செடிக்குள் சக்தி கைமாறுவதற்கும் வேண்டியது. ஆனால் பழமரம் அதைக் கொஞ்சமாகத்தான் தின்னும். காயைப் பெருக்க வைப்பது நான் கேவலமாக நினைத்த சாம்பல் சத்துதான், அதாவது பொட்டாஷ். ஆறு வயதுக்கு மேற்பட்ட எலுமிச்சை மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது வருடத்துக்கு 30 கிலோ தொழுவுரம், 600 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல் சத்து. டிஏபியில் 100-க்கு 18 பங்கு தழைச்சத்து, 46 பங்கு மணிச்சத்து. என் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிலோ டிஏபியில் மணிச்சத்து 920 கிராம். கேட்டது 200. தழைச்சத்து யூரியாவோடு சேர்ந்து 590 வருகிறது, அது குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது. சாம்பல் சத்து சைபர். இலையில் சோறே போடாமல் ஐந்து வருடம் அப்பளமாக அடுக்கியிருக்கிறேன்.

2019 வாக்கில் இலை வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் திட்டுத் திட்டாக மஞ்சள். இலை சிறுத்து, குறுகி, நுனிக்கொப்பில் நெருக்கமாக விறைத்து நின்றது. மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு என்பது என் பாடம். யூரியாவைக் கூட்டினேன். கொழுகொழுவென்று துளிர் வந்தது, வந்த துளிர் அத்தனையிலும் இலை துளைப்பான் கோலம் போட்டது, பின்னாலேயே சொறி நோய். மருந்தடித்தேன். கடைக்காரருக்கு இன்னொரு வியாபாரம்.

வீட்டுக்காரி ஒருநாள் களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இளசுதான வெளுக்குது? அடியில கிடக்குற பெருசு பச்சையாத்தான இருக்கு?" நான், "உனக்கு என்ன தெரியும்" என்று போய்விட்டேன். உண்மையில் முழு விவசாயக் கல்லூரிப் பாடமும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. தழைச்சத்து குறைந்தால் மரம் முதிர்ந்த இலையில் இருப்பதை உருவித் துளிருக்குக் கொடுக்கும், தாய் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி. அதனால் அடி இலைதான் முதலில் முழுதாக மஞ்சளாகும். மெக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான். காம்புப் பக்கம் மட்டும் ஒரு பச்சை முக்கோணம் தங்கும். துத்தநாகமும் இரும்பும் அப்படி எளிதில் இடம் மாறாது. பழைய இலையில் இருந்தாலும் அங்கேயே கிடக்கும், புது இலை வெளுக்கும். மரத்தின் முன்னால் நின்று முதலில் பார்க்க வேண்டியது மஞ்சளை அல்ல, எந்த வயசு இலையில் மஞ்சள் என்பதை.

இதற்கு நடுவில் மச்சான் வந்தார். "மாப்ள, இது வைரஸ். பக்கத்து மரத்துக்கும் தொத்தும். பிடுங்கி எறியும்" என்றார். அவர் தோட்டத்தில் தென்னை. எலுமிச்சை அவருக்கு மீன் குழம்போடு சரி. இருந்தாலும் பெண் கொடுத்த வீட்டுப் பேச்சு. மேற்குப் பக்கம் ஜேசிபியை விட்டு 17 மரத்தைப் பிடுங்கினேன். வேரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

விலை 200 ஆன அந்த ஏப்ரலில்தான் ரோஷம் வந்து மண்ணை எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். மேல்மண்ணை மட்டும் ஒரு பையில் அள்ளிப் போனதற்கு அங்கேயிருந்த பெண் அலுவலர் திருப்பி அனுப்பினார். பழமரத்துக்கு ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டுமாம். தோண்டுவது எனக்குச் சிரமமாக இல்லை. மச்சான் பேச்சைக் கேட்டுப் பிடுங்கிய 17 குழி திறந்தே கிடந்தது. ஓரத்தைச் சீவி எடுத்தேன்.

முடிவு இதுதான்: கார அமில நிலை 8.4. மணிச்சத்து அதிகம். சாம்பல் சத்து குறைவு. துத்தநாகம் குறைவு. அந்தப் பெண் ஒரு சொட்டு அமிலத்தை மண்ணில் விட்டுக் காட்டினார், சோடா மாதிரிப் பொங்கியது. சுண்ணாம்பு. மண்வெட்டியில் தட்டுப்படும் சுக்கான் கல்லைப் பொறுக்கி வரப்பில் போட்டே நான் வளர்ந்தேன், அதற்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து என் தோட்டத்து எலுமிச்சையையே மண்ணில் பிழிந்து பார்த்தேன். நுரைத்தது. நீங்களும் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகமும் இரும்பும் ஏற்கெனவே பூட்டுப் போட்டு இருக்கும். அதன் மேல் மணிச்சத்தைக் கொட்டினால், மரத்துக்குக் கிடைக்கிற கொஞ்சநஞ்ச துத்தநாகத்தையும் அது தட்டிப் பறிக்கும். காய் பிடிக்க நான் போட்ட டிஏபிதான் மஞ்சளை வளர்த்திருக்கிறது. எந்தச் சத்து குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும், மற்றதை மலையாகக் குவித்தாலும் பயனில்லை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் லீபிக் எழுதிவிட்டார். நம் ஊர் உரக்கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இனி நான் செய்தது. உங்களுக்கும் இரண்டு ஏக்கர் எலுமிச்சை, போர் தண்ணீர், என்னைப் போலச் சுண்ணாம்பு மண் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். டிஏபியை அடியோடு நிறுத்தினேன். மரத்துக்குப் பொட்டாஷ் அரைக் கிலோ. அதில் 100-க்கு 60 பங்கு சத்து, கணக்கு சரியாக 300 கிராம் வந்துவிடும். தழைச்சத்துக்கு யூரியா 650 கிராம், அம்மோனியம் சல்பேட் 1.4 கிலோ, இந்தக் கார மண்ணில் வேர்ப் பக்கத்தைக் கொஞ்சம் புளிக்க வைக்கும் என்பதால் அம்மோனியம் சல்பேட். தழைச்சத்தை மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி. கிடைத்த தொழுவுரமும் பொட்டாஷும் அக்டோபரில். உரத்தைத் தூரில் கொட்டக் கூடாது. தூரை விட்டு இரண்டே கால் அடி தள்ளி, சல்லிவேர் இருக்கிற வட்டத்தில் போட்டு, மண்ணோடு கிண்டித் தண்ணீர் விட வேண்டும். பாத்தியில் தண்ணீர் தேங்கினால் மஞ்சள் கூடும். அதனால் பாய்ச்சலைக் குறைத்தேன்.

துத்தநாகத்தை இலை வழியாகக் கொடுத்தேன். 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ துத்தநாக சல்பேட், இலை கருகாமல் இருக்கக் கால் கிலோ நீற்றின சுண்ணாம்பின் தெளிந்த நீர். மார்ச், ஜூலை, அக்டோபர் என்று துளிர் விரிந்தபின் மூன்று தெளிப்பு. வெளுத்த பழைய இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள், ஆகாது. அடுத்த துளிரைப் பாருங்கள். இரும்புக்காக ஈடிடிஏ என்று போட்ட பொட்டலம் வாங்கி மண்ணில் ஊற்றி ஏமாந்தேன். 8-க்கு மேல் போன மண்ணில் அது நிற்காது. ஈடிடிஹெச்ஏ என்று இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு எழுத்து வித்தியாசம், விலை எங்கேயோ இருக்கிறது.

முழு இயற்கைக்கு மாறலாமே என்று என் மகன் இன்றும் சண்டை போடுகிறான். கொழுஞ்சி விதைத்து மடக்குகிறேன், வருடம் ஒருமுறை ஆட்டுக்கிடை மறிக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. உரத்தோடு சேர்த்துப் போடச் சொல்லும் 30 கிலோ வீதத்துக்கே 203 மரத்துக்கு ஆறு டன் எரு வேண்டும். மாடு இருக்கிற வீடு ஊரில் எத்தனை என்று அவனே எண்ணி வரட்டும்.

மூன்றாவது துளிர் பச்சையாக வந்தது. 2024 கோடையில் மண்டிக்கு மூட்டை போனது. மச்சான் பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, சீக்கு மரத்தப் பிடுங்குனதுதான் மத்தது பிழைச்சுது" என்றார். அந்த 17 குழியிலும் அதே வருட ஐப்பசியில் புதுக் கன்று வைத்திருக்கிறேன்.

கன்று வைப்பதற்கு முன்னால் மறுபடி மண் கொடுத்தேன். இரண்டரை வருடமாக ஒரு மணி டிஏபி போடவில்லை. அட்டையில் மணிச்சத்துக்கு நேரே இன்னும் "அதிகம்" என்றுதான் இருக்கிறது.