புதிய டெலிவிஷனின் படம் நாளடைவில் தெளியுமா?

வாங்கிய புதிதில் மனத்துக்கு ஒவ்வாத படம் சில வாரங்கள் ஓடியபின் தானாகவே மெருகேறும் என்னும் நம்பிக்கை, பிளாஸ்மா திரைகளின் காலத்தில், அவற்றின் பாஸ்பரப் பூச்சு முதல் 100 மணி நேர அளவில் விரைவாக மாறிப் பின் நிதானப்பட்டமையால், ஓரளவு நியாயமுடையதாக இருந்தது, இன்றைய எல்.இ.டி. திரைகளிலோ பழகுவது பெரும்பாலும் நம் கண்களே. ஆகையால், கடையின் வெளிச்சத்துக்கு ஏற்ப நீலம் தூக்கலாக அமைந்த 'விவிட்' முறையை விடுத்து, முதல் நாளே 'சினிமா' முறைக்கு மாற்றுவது உத்தமம். ஓ.எல்.இ.டி. வைத்திருப்போர் ரிமோட்டில் அணைத்தவுடன் சுவரிலுள்ள சுவிட்சையும் நிறுத்திவிடலாகாது. ஏறத்தாழ 4 மணி நேரம் ஓடியபின் திரை தன்னைச் சீர்செய்துகொள்ள அந்த மின்சாரம் அவசியம்.

உப்புக்காற்றும், காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் பிரதேசத்துக்கே உரிய தூசியும் ஒருங்கே வந்து படியும் எண்ணூரில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே பெட்டியை வையாமல், படிந்ததை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து வருதல் நலம். தண்ணீர் தெளிப்பது அபாயம். கரும்புள்ளியோ கோடோ தென்பட்டால், "ஓட ஓடச் சரியாகும்" என்னும் சமாதானத்துக்கு இணங்காமல், உத்தரவாதக் கெடு முடியுமுன் ரசீதோடு கடைக்குச் செல்லுங்கள்.