கேத்தலை வைத்து ஸ்மார்ட் மீட்டரைச் சோதிக்கலாம்

"புது மீட்டர் மாட்டினதுலருந்து பில் ஏறிப்போச்சு" என்ற பேச்சு ஈப்போ புந்தோங்கிலும் உண்டு, சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்ட லயங்களிலும் உண்டு. மின்சார நிறுவனமான தெனாகாவிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு கேத்தல் தண்ணீரும் கைப்பேசிக் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுழலும். புதியதில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் சில்லு, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, அந்தந்தக் கணத்தின் இரண்டு அளவையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும். அதுதான் நாம் யூனிட் என்று சொல்லும் கிலோவாட்-மணி. அரை மணிக்கு ஒரு பதிவு வைத்து, தானாகவே தெனாகாவுக்கு அனுப்பிவிடும்.

காற்றாடி, பழைய ஐஸ் பெட்டி போன்ற மோட்டார் சாமான்களில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வரும். அதனால் வயர்மேன் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து 230 வோல்ட்டால் பெருக்கிச் சொல்லும் கணக்கு, உண்மைச் செலவைவிடக் கூடுதலாகவே நிற்கும். அதை நம்பி யாரையும் திட்ட வேண்டாம். கேத்தலில் இந்தத் தொல்லை இல்லை. அது வெறும் சூடேற்றும் கம்பி. அதனால்தான் சோதனைக்கு அதை எடுக்கிறோம்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது நின்றுவிட வேண்டும். (சில மீட்டர்களில் மினுக்காமல் எரிந்துகொண்டே இருக்கும், அது சரிதான்.) மெயின் அணைந்தும் மினுக்கினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து வேறெங்கோ கரண்டு போகிறது. பின்கட்டு இழுத்துக் கட்டிய வீடுகளில் இதைச் சந்தேகப்பட நியாயம் உண்டு. முத்திரையை மட்டும் தொடாதீர்கள். அதற்குத் தெனாகா ஆள்தான் வர வேண்டும்.

அடுத்து, மெயினைப் போட்டு, சமையலறைப் பிளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். கேத்தலைத் தட்டிவிட்டு 60 விநாடிக்கு எத்தனை மினுக்கல் என்று எண்ணுங்கள். விளக்கின் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும். அது 1000 என்றால், ஒரு மினுக்கல் ஒரு வாட்-மணி. 2000 வாட் கேத்தல் நிமிடத்துக்குச் சுமார் 33 தடவை மினுக்கவைக்கும். அடியில் 1850 முதல் 2200 வாட் என்று ஒட்டியிருந்தால் 31-லிருந்து 37 வரை சரி. லயத்தின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் குறைந்து வந்தால் எண்ணிக்கையும் குறையும், தண்ணீர் கொதிக்கவும் நேரமாகும்; மீட்டர் பழுது என்று அர்த்தமில்லை. எண்ணிக்கை நிறையக் கூடிவந்தால், கேத்தலின் வாட், மினுக்கல், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு கெடாய் தெனாகாவில் மீட்டரைச் சோதிக்கக் கேளுங்கள்.

தோட்ட நிர்வாகமே கரண்டு பிரித்துக் கொடுக்கும் லயமானால், வீட்டு மீட்டர் தெனாகாவுடையதாக இருக்காது. அங்கே முறையீடு ஆபீசுக்குத்தான்.

மீட்டர் சரி என்று தெரிந்தபின், திருடனை வீட்டுக்குள் தேடலாம். ஐஸ் பெட்டியையும் சிறிது நேரம் அணைத்துவிட்டு, வைஃபை பெட்டி, டிவி, சாமி மேடை பல்பு மட்டும் ஓடவிட்டு 10 நிமிடம் எண்ணுங்கள். 1000 துடிப்பு மீட்டரில் 5 மினுக்கல் என்றால் 30 வாட். மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட். ஆனால் பெரிய கை வேறு. 3600 வாட் வாட்டர் ஹீட்டர் பத்து நிமிடக் குளியலில் 0.6 யூனிட்டை விழுங்கும். நாலு பேர் குளித்தால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஜூலை 1 முதல், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல். மாதம் 1500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு யூனிட்டுக்குச் சுமார் 4 சென்தான் வித்தியாசம். மின்சாரக் காரை இரவில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு அது லாபம்; துணி துவைப்பதற்காக மட்டும் ராத்திரி பத்துமணி வரை கண் விழிக்க அவசியமில்லை.