தேயிலைத் தோட்டத்தில் கற்ற சொற்கள்

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே பரந்து கிடக்கும் கரிசற் பூமியின் நடுவே அமைந்தது பசுவந்தனை. கைலாசநாதர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. சுற்றுப்புறத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வானம் பொழிந்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் குதிருக்குள் ஒன்றும் இராது. மானாவாரி நிலத்தை நம்பிய இத்தகைய சிற்றூர்களிலிருந்து சென்ற நூற்றாண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பு நாடிக் கடல் கடந்தன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அப்போக்கை மிகுவித்தது.

அவர்கள் சென்ற இடங்களுள் அண்மையது இலங்கை. பசுவந்தனைக்குத் தெற்கே, தூத்துக்குடி இருப்புப்பாதையில் உள்ளது தட்டப்பாறை. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரை நோய்த்தடுப்புக்காகச் சில நாள் நிறுத்திவைக்கும் முகாம் அங்கே இருந்தது. அங்கிருந்து தூத்துக்குடி சென்று கப்பலேறிக் கொழும்பை அடைவர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பின்னர் மண்டபம் முகாமே முதன்மையாயிற்று. புறப்படும்போது அவர்கள் கையில் ஒரு மூட்டை இருந்தது. கழுத்திலோ இடுப்பிலோ தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு இது. அவ்வில்லையை அவர்கள் ‘டிக்கெட்டு’ என்றனர். பலர் கற்ற முதல் ஆங்கிலச் சொல் அதுவாகவே இருந்திருக்கும்.

மலைநாட்டை அடைந்த முதல் நாள், விடியுமுன்னே தப்பொலி கேட்கும். குளிரில் நடுங்கியபடி எல்லாரும் ஒரு வெளியில் கூடவேண்டும். அவ்விடத்திற்குப் ‘பெரட்டுக்களம்’ என்று பெயர். அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பெரட்டு என நின்றது. பிரட்டு என்று கூறுவாரும் உளர். இரவு தங்கும் இடமோ ‘லயம்’. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகளை வெள்ளையர் ‘லைன்’ என்றனர்; தொழிலாளர் நாவில் அது லயமாயிற்று. இசைவல்லார் போற்றும் லயம் வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் முழுதும் அடங்கிக் கிடந்த இந்த லயம் வேறு. குதிரை கட்டும் லாயத்தின் பெயரோடு இது ஒலியால் நெருங்கி நிற்பது தற்செயலே. ஆயினும் அவ்வறைகளைக் கண்டவர் எவரும் அவ்வொப்புமையை மறுக்கத் துணியார்.

தேயிலை பதப்படுத்தும் ஆலைக்கு ‘இஸ்டோர்’ என்று பெயர் வழங்கியது. ‘ஸ்டோர்’ என்பது பண்டசாலையைக் குறிக்கும் சொல்லாயிற்றே, ஆலைக்கு எவ்வாறு பொருந்தும் எனின், அதற்கொரு வரலாறு உண்டு. தேயிலைக்கு முன்னர் அம்மலைகளில் விளைந்தது காப்பி. பறித்த காப்பிப் பழத்தைக் கொண்டுசேர்த்த கட்டடம் ஸ்டோர் எனப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பிப் பயிரை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை, அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று; கட்டடம் மாறிற்று; சொல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இச்சொற்களின் வடிவத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாராமையால், வடசொற்கள் தமிழில் புகும்போது அவற்றின்முன் அகர இகர உகரங்களுள் ஏற்றது வந்து சேரும் என்பது நன்னூலார் கொள்கை. ரூபம் உரூபமாயிற்று, லோகம் உலோகமாயிற்று. நன்னூல் என்ற பெயரையே கேட்டறியாத தொழிலாளி, ஸ்டோர் என்பதன்முன் இகரத்தைக் கூட்டி இஸ்டோர் என்றான். வல்லின மெய்யில் சொல் முடிதல் தமிழுக்கு இயல்பன்று; ஆகவே பரேட் என்பதன் ஈற்றில் ஒற்றை இரட்டித்து உகரம் சேர்த்துப் பெரட்டு என்றான். இலக்கண ஆசிரியர் ஏட்டில் எழுதிய விதி, ஏடறியாதவன் நாவில் முன்னமே குடிகொண்டிருந்தது. இவ்வாறு வந்த சொற்களைக் கொச்சை என்று இகழ்ந்தவர் பலர். திசைச்சொல்லைத் தமிழ்ச்சொல் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டதை அன்னோர் மறந்தனர் போலும்.

ஒலியைக் கற்பதினும் அரியது மரபுத்தொடரைக் கற்பது. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் ‘செக்ரோல்’ எனப்படும் பதிவேட்டில் குறித்தால் அன்றைய கூலி உண்டு. பறித்த கொழுந்து நிறையிற் குறைந்தால் கிடைப்பது ‘அரைப்பேர்’. துரைமாரும் தங்கள் ஆங்கிலத்தில் இதனை அவ்வாறே, பாதிப் பெயர் என்று பொருள்படவே வழங்கினர். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்ணொருத்தி மாலையில் தன் கூடையை நிறுத்தபின், “உனக்கு அரைப்பேர்தான்” என்று கங்காணி கூறக் கேட்டால் என்ன நினைப்பாள்? பெயரைப் பாதியாக வெட்டுவது எங்ஙனம்? அத்தொடரின் பொருளைச் சம்பள நாளன்று கையில் விழுந்த காசே அவளுக்குக் கற்பித்தது.

துரைமாரும் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று கையேடுகள் அச்சிடப்பட்டன. சின்னத்துரைக்குரிய அத்தகைய கையேடு ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். ‘வாருங்கள்’ என்னும் சொல் வேண்டப்படாத தமிழ் அது. தொழிலாளிக்கோ அத்தகைய கையேடு ஒன்றும் இல்லை. செவியே அவனுக்குப் பள்ளி; கண்ணெதிரே கண்ட பொருளே அகராதி. துரைக்கும் அவனுக்கும் இடையே நின்ற கங்காணி இருவர் பேச்சும் அறிந்தவர். ஆதலின் இரு தரப்பிலும் அவர் சொன்னதே செல்லுபடியாயிற்று. கங்காணி, துரை, கூலி என்னும் தமிழ்ச் சொற்கள் தோட்டத்து ஆங்கிலத்திலும் ஏறின.

அவ்வாறு ஏறிய மற்றொரு சொல் ‘துண்டு’. தமிழில் எளிய சொல்தான். தோட்டத்திலோ அது கொடிய பொருளைப் பெற்றது. ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு என்றும், அத்தொகையைச் செலுத்துவோரிடம் அவனை விடுவிக்கலாம் என்றும் துரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டே துண்டு. அச்சீட்டைக் காட்டி வேறு தோட்டத்துத் துரையிடம் பணம் பெறுவார்கள். தொழிலாளி கடனோடு கைமாறுவான். பெரட்டையும் இஸ்டோரையும் தன் நாவுக்கு இசைய வளைத்துக்கொண்டவனுக்கு, தன் சொந்த மொழியின் பெயரைத் தாங்கிய அத்தாளில் எழுதியிருந்தது என்னவென்று தெரியாது. எழுத்தறியாதவன் அவன். தொகை கூட்டி எழுதப்பட்டிருந்தாலும் அவன் எவ்வாறு அறிவான்? வாய்வழி வந்த சொல்லை அவன் ஆண்டான். தாளில் வந்த சொல் அவனை ஆண்டது. 1921இல் இத்துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

தலைமுறைகள் கடந்தன. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் இசைந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆதலின் திரும்பியோர் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். பலர் இலங்கையிலேயே பிறந்தவர். பாட்டன் ஊரைப் பெயரளவில் மட்டும் அறிந்தவர்.

ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். பழைய தொழிலோடு பழைய சொற்களும் அவர்களுக்குப் பயன்பட்டன. சமவெளியில் குடியேறியோர் நிலை வேறு. பருத்திக்காட்டில் பெரட்டு ஏது, அரைப்பேர் ஏது? அறையைக் ‘காம்பரா’ என்றால் அக்கம்பக்கத்தார் விழித்தனர். பாட்டன் கரிசலிலிருந்து புறப்பட்டபோது அறியாத சொற்களைக் கற்றான். பேரன் கரிசலுக்குத் திரும்பி, ‘இறவை’, ‘வெள்ளாமை’, ‘ஊடுபயிர்’ என்னும் தமிழ்ச் சொற்களைப் பக்கத்து வீட்டாரிடம் பொருள் கேட்டுக் கற்கத் தொடங்கினான்.