பொருளைத் தொடாத ஒளியில் பொருளின் உருவம்

ஒளிக்கற்றையொன்றை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு வழிகளில் செலுத்தி, மீண்டும் ஒன்றுசேர்த்தால், ஒளியும் இருளும் மாறிமாறி அமைந்த வரிகள் தோன்றும். இதுவே குறுக்கீட்டு விளைவு எனப்படும். சாதாரணக் கருவிகளில், பாதி ஒளியைத் திருப்பி மறுபாதியை ஊடுருவவிடும் ஆடியொன்று கற்றையைப் பிரிக்கின்றது. ஒளியின் அலைநீளம் மாறுவதில்லை.

சில படிகங்களின் இயல்பு வேறு. வலிமிக்க ஒளி படும்பொழுது அவற்றில் எழும் விளைவு, அவ்வொளிக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. இவை நேர்விகிதமிலாப் படிகங்களாகும். 1961-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கனும் அவர்தம் குழுவினரும் லேசரின் செவ்வொளியைக் குவார்ட்ஸ் படிகத்தினூடே செலுத்தி, பாதி அலைநீளமுடைய புறஊதா ஒளியைப் பெற்றனர்.

இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. தக்க படிகத்தினுள் ஓர் ஒளித்துகள் மறைந்து, ஆற்றல் குறைந்த இரு துகள்கள் தோன்றலாம். எடுத்துக்காட்டாக, 532 நானோமீட்டர் பச்சை ஒளியிலிருந்து 810, 1550 நானோமீட்டர் அலைநீளமுடைய இரட்டைகள் பிறக்கும். இவ்விரண்டின் ஆற்றல்களைக் கூட்டினால் பச்சைத் துகளின் ஆற்றல் கிட்டும். அலைநீளங்களின் தலைகீழ் எண்களைக் கூட்டி மாணவர் இதனைச் சரிபார்க்கலாம்.

இத்தகைய இரு படிகங்களைக் கொண்டு 1991-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாண்டெல் குழுவினர் புதியதொரு சோதனை செய்தனர். முதற்படிகத்தில் பிறந்த இரட்டைகளுள் ஒன்றை இரண்டாம் படிகத்தினூடே செலுத்தி, அங்குப் பிறக்கும் அதே வகைத் துகளின் பாதையுடன் பொருந்தச் செய்தனர். இதனால் இரட்டை எப்படிகத்தில் பிறந்தது என்று அறிய வழியில்லை. ஆகவே, மற்றைய துகள்களின் இரு பாதைகளும் கூடுமிடத்தில் வரிகள் தோன்றின. இரு படிகங்களுக்கிடையே முதல் துகளின் வழியை மறைத்தபொழுது வரிகள் மறைந்தன.

2014-இல் வியன்னாவில் இம்முறை படமெடுக்கப் பயன்பட்டது. பூனை வடிவம் பொறித்த சிலிக்கன் தகடு, 1550 நானோமீட்டர் ஒளியின் வழியில் வைக்கப்பட்டது. அவ்வொளி சிலிக்கனை ஊடுருவும். 810 நானோமீட்டர் ஒளிக்கோ அத்தகடு தடையாகும். ஆயினும் காமிரா பதிந்தது 810 நானோமீட்டர் ஒளியை மட்டுமே. தகட்டைத் தொடாத அவ்வொளியில் பூனையின் உருவம் தெளிந்தது.

இதனால் பயன் யாது? அகச்சிவப்பு ஒளியைப் பதியும் கருவிகள் விலை மிக்கவை. இம்முறையில் பொருளின்மீது அகச்சிவப்பு ஒளி படுமாறு செய்து, படத்தை எளிய காமிராவில் பெறலாம்.

வகுப்பில் ஒன்றை வலியுறுத்தல் வேண்டும்: பொருளின்மேல் ஒளி படாமலே உருவம் கிட்டுவதில்லை. பட்ட ஒளி வேறு. பதிந்த ஒளி வேறு. இவற்றை இணைப்பது அவ்விரண்டும் இரட்டையாகப் பிறந்தமையே.