பம்ப் நிற்கும் நொடி

ரெங்கம், ஜொகூர்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ கேட்டபடி, மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச மாட்டிவிட்டுப் போன பெட்டியைத் திறந்து பார்த்தேன். பம்ப் ஓடத் தொடங்கும்போது கோளாறில்லை, நிற்கும்போதுதான் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிறது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறாய். ஆனால் அதற்காகப் புரோகிராமில் டிலே சேர்க்கப் போகிறேன் என்கிறாயே, அது வேண்டாம். கோளாறு வயரிங்கில் இருக்கிறது. புரோகிராமில் அதை மூடி மறைத்தால், இன்று ரீசெட் ஆகிற போர்டு ஒருநாள் முழுதாகவே போய்விடும். நீ ஊரில் இல்லாத நேரத்தில் உன் அம்மாதான் வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும்.

பம்பைப் போட்டு அணைக்கும் ரிலேக்குள் ஒரு காயில் இருக்கிறது. அந்தக் காயிலில் ஓடும் கரண்டைச் சட்டென்று அறுத்தால், அது நிற்க மறுத்து வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் வோல்டேஜ் எகிறும். நீளமான கம்பிச் சுருளைப் பேட்டரியிலிருந்து பிரிக்கும்போது பொறி பறப்பதை ஜோசப் ஹென்றி 1832லேயே எழுதி வைத்தார். 5 வோல்ட் ரிலேதானே என்று அலட்சியம் கூடாது. டையோடு இல்லாவிட்டால் அந்தச் சின்னக் காயிலே நூறு வோல்ட்டைத் தாண்டலாம். ரிலேயை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டர் தாங்குவது 45 வோல்ட்தான். அதனால் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு வேண்டும், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் ஷார்ட் ஆகி டிரான்சிஸ்டர் போகும்.

உன் நீல ரிலே மாடியூலில் அந்த டையோடு ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று வைப்பதால் பயனில்லை. பெரும்பாலான பிள்ளைகள் டையோடோடு நின்றுவிடுகிறார்கள். உன் தொல்லை ரிலேயின் மறுபக்கத்தில் இருக்கிறது. பம்ப் மோட்டாரும் ஒரு பெரிய காயில்தான். கான்டாக்ட் பிரியும்போது அங்கே பொறி பறக்கிறது. நீயோ மண் ஈரம் பார்க்கும் சென்சார் வயரையும் பம்ப் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்து, கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறாய்! அந்த இரைச்சல் நேராகப் போர்டுக்குள் நுழைகிறது.

முதலில் அந்த இரண்டையும் பிரித்து, ஓரடியாவது தள்ளிக் கொண்டு போ. பிறகு மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்னப்பர்: 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. கெப்பாசிட்டரில் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சடித்திருக்க வேண்டும். சாதாரண செராமிக்கை அந்த இடத்தில் வைக்காதே. ஸ்னப்பரைக் கான்டாக்டுக்குக் குறுக்கே வைப்பவர்களும் உண்டு. அப்படி வைத்தால், ரிலே அணைந்திருக்கும்போதும் நம் 230 வோல்ட் லைனில் ஏழு மில்லியாம்பியர் வரை கசியும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிற இடத்தில் எனக்கு அது சம்மதமில்லை.

இன்னொன்று. மாடியூலில் ஜேடி-விசிசி ஜம்பரைக் கழற்றாமல் விட்டிருக்கிறாய். அது இருக்கும்வரை காயிலும் போர்டும் ஒரே சப்ளையில்தான் ஓடுகின்றன, இரண்டையும் பிரித்து வைக்கும் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை. ஜம்பரைக் கழற்றி, ரிலேக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடு. இரண்டு கிரவுண்டையும் சேர்க்காதே.

நம் ஊரில் மத்தியானம் திரும்பினால் இடிதான், உனக்குத் தெரியும். ஃப்யூஸுக்கு அப்புறம் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் வேரிஸ்டர் ஒன்று இருக்கட்டும். பக்கத்தில் விழும் இடியை அது தாங்காது. மேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். 230 வோல்ட் பக்கத்து வேலையை நீயாகச் செய்யாதே. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை நான் கூட்டி வருகிறேன், நீ பக்கத்தில் நின்று பார். அந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் அவரே சோதிக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. ஒன்றை மாற்று, பம்பைப் பல தடவை போட்டு அணைத்துப் பார், பிறகு அடுத்ததற்குப் போ. எது குணப்படுத்தியது என்று எனக்கு எழுது. எக்ஸ்2 கெப்பாசிட்டர் குளுவாங்கில் கிடைக்காவிட்டால் சொல், என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா