மணிக்கட்டும் கணினி ரயிலும்: முக்கியக் குறிப்புகள்

பொது அறிவியல், தொழிலாளர் நலம், தமிழ்நாட்டு ரயில்வே என மூன்று பகுதிகளில் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். போட்டித் தேர்வுக்கு நேராக உதவாத சில வரிகளும் உண்டு. அவசரம் என்றால் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

பெயரில் குழப்பம் வேண்டாம்

• ஆர்.எஸ்.ஐ. என்பது தனி ஒரு நோய் அல்ல. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தசை, தசைநாண், நரம்பு ஆகியவற்றில் வரும் பல கோளாறுகளுக்கான பொதுப்பெயர். மருத்துவர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் வேறு பெயராக இருக்கும். 'பொருத்துக' வினாவில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

• கார்ப்பல் டனல் நோய்: மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுத்தப்படுவது. நரம்பு அழுத்தக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது இதுவே. அந்தக் குறுகிய பாதை வழியாகச் செல்பவை 9 தசைநாண்கள், 1 நரம்பு. அடித்தளம் எலும்பு, கூரை ஒரு நார்ப்பட்டை. இரண்டுமே விரிந்து கொடுக்காது. தசைநாண் உறை வீங்கினால் நசுங்குவது நரம்புதான்.

• மரத்துப்போகும் விரல்கள்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் தப்பிவிடும், ஏனென்றால் அதற்குரியது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியும் மரக்காது, அதற்குச் செல்லும் கிளை பாதைக்குள் நுழையாமல் மேலாகவே போய்விடுகிறது. இரவில் தொந்தரவு கூடுவது முக்கிய அறிகுறி. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம் ஆகியவையும் இதைத் தூண்டும் என்பதால், கணினி தொடாதவர்களுக்கும் வரும்.

• சோதனைகள்: மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருப்பது ஃபேலன் சோதனை. நரம்பின் மேல் விரலால் தட்டிப் பார்ப்பது டினெல் சோதனை.

• டி குவெர்வெய்ன் நோய்: கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895-ல் விவரித்தார். கண்டறிய உதவுவது ஃபிங்கல்ஸ்டைன் சோதனை (1930). இந்த நோய் தசைநாண் உறை சார்ந்தது, நரம்பு சார்ந்ததல்ல.

• டென்னிஸ் எல்போ: முழங்கையின் வெளிப்பக்க வலி. சச்சின் டெண்டுல்கருக்கு 2004-ல் வந்து, 2005-ல் லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கிரிக்கெட் வீரருக்கு டென்னிஸ் பெயரில் நோய் வந்ததால் இந்தக் குறிப்பு மட்டும் யாருக்கும் மறப்பதில்லை.

வரலாறு

• தொழில்சார் மருத்துவத்தின் தந்தை: பெர்னார்டினோ ராமஸ்ஸினி, இத்தாலி (1633–1714). தொழிலாளர் நோய்கள் பற்றிய அவரது நூல் 1700-ல் வெளிவந்தது. எழுத்தர்களின் துன்பத்துக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் அசைந்துகொண்டே இருப்பது, பிழை வந்துவிடுமோ என்ற மன அழுத்தம். கணினியோ தட்டச்சுப்பொறியோ இல்லாத காலத்துப் பட்டியல் இது. இதில் இன்றைக்கும் எதையும் நீக்க வேண்டியதில்லை.

• அதே நூலில் ஒரு பத்திர எழுத்தர் வருகிறார். வலது கை செயலிழந்ததும் இடது கையால் எழுதப் பழகினார், சில நாளில் இடது கைக்கும் அதே கதி. மவுஸை இடப்பக்கம் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பழைய எச்சரிக்கை கிடைக்காது.

• தந்தி அலுவலர்களின் கைப்பிடிப்பு, பிரிட்டனில் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக 1908-ல் சேர்க்கப்பட்டது. 1980-களில் ஆஸ்திரேலியாவில் தொலைத்தொடர்பு, அலுவலகப் பணியாளர்களிடையே புகார்கள் பெருகியபோதுதான் ஆர்.எஸ்.ஐ. என்ற பெயர் உலகமெங்கும் பரவியது.

• மவுஸ்: டக்ளஸ் எங்கல்பார்ட். முதல் மாதிரி 1964, பொதுமக்கள் முன் செயல்விளக்கம் 9 டிசம்பர் 1968.

• குனூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1990-களில் கைவலியால் தானே தட்டச்சு செய்ய முடியாமல், ஆள் வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

• சர்வதேச ஆர்.எஸ்.ஐ. விழிப்புணர்வு நாள்: பிப்ரவரி மாதக் கடைசி நாள். லீப் ஆண்டில் பிப்ரவரி 29. ஆண்டுதோறும் திரும்ப வராத ஒரே தேதி என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

கணினி ரயில் எங்கிருந்து வந்தது?

• மணிக்கட்டுப் பேச்சில் ரயில் வருவது, கணினியில் ரயில் ஓட்டிப் பாதை கட்டும் பொழுதுபோக்கு வழியாக. அதற்கான மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டர் 2001-ல் வெளியானது, உருவாக்கியது பிரிட்டனின் குஜு நிறுவனம். ஆஸ்திரேலியாவின் ஆரன் நிறுவனத்தின் ட்ரெய்ன்ஸும் அதே 2001. மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டரைக் கைவிட்ட பிறகும் அதன் பாதைகளை ஓட்ட வைப்பது ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருள். கைபேசியில் பலரும் விளையாடும் இந்தியன் ட்ரெய்ன் சிமுலேட்டரை உருவாக்கிய ஹைப்ரோ இன்டராக்டிவ், சென்னை நிறுவனம்.

• நம்மூர் ரயில் ஆர்வலர்கள் கணினிக்குப் போனதற்கு ஒரு கணக்கும் உண்டு. மேசைமேல் ஓட்டும் மாதிரி ரயில்களில் எச்.ஓ. அளவு என்பது 1:87. உலகத் தர அகலமான 1435 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. கடையில் கிடைக்கும் தண்டவாளம் அதுதான். இந்திய அகலப்பாதை 1676 மி.மீ., அதே அளவில் சுமார் 19.3 மி.மீ. வர வேண்டும். ஆக, ரெடிமேட் தண்டவாளத்தில் நம்மூர் எஞ்சினை நிறுத்தினால் அகலம் பொய்யாகிவிடும். திரையில் அந்தச் சிக்கல் இல்லை. மயிலாப்பூர் வாடகை வீட்டில் மேசை போட இடம் தேட வேண்டியதும் இல்லை.

கை எங்கே போகிறது?

• கணினியில் ரயில் ஓட்டுவதால் கை கெடுகிறது என்று நினைப்பது தவறு. ஓட்டுவதற்குச் சில விசைகள் போதும்: வேகத்தைக் கூட்ட, குறைக்க, பிரேக் பிடிக்க, ஹாரன் அடிக்க. நடுவில் கை சும்மாதான் இருக்கும். கெடுப்பது பாதை கட்டும் வேலை.

• எங்கள் படிப்புக் குழுவில் மந்தைவெளிக்காரர் ஒருவர் கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் பாதையைக் கணினியில் கட்டிக்கொண்டிருந்தார். கிரீன்வேஸ் சாலையிலிருந்து கோட்டூர்புரம் போகும் துண்டை ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தூணை எடுத்து வைக்கிறார், திருப்புகிறார், உயரம் சரிசெய்கிறார், அடுத்த தூண். அடையாற்றைத் தாண்டியதும் மின்கம்பங்கள், அதே கிளிக், அதே திருப்பல். ரயில் பெட்டியின் முப்பரிமாண உருவத்தை பிளெண்டர் மென்பொருளில் செய்யும்போது இன்னும் மோசம்: மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுத்தால்தான் காட்சி சுழலும். ஒரு ஜன்னல் ஓரத்தைச் சரிபார்க்க எத்தனை சுழற்றல்! இடது சுண்டுவிரல் அந்த நேரம் முழுக்க ஷிஃப்ட் விசையின் மேல்.

• அவருக்கு வலி முதலில் தெரிந்தது கணினி முன்னால் அல்ல, குக்கர் மூடியைத் திருகும்போது. பிறகு தோசை திருப்பும்போது, பிறகு பைக் கிளட்சில். கட்டைவிரல் அடியில் சுருக்கென்று பிடித்தது. மருத்துவர் சொன்ன பெயர் டி குவெர்வெய்ன். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை, ஓய்வு, மவுஸுக்குத் தடை. பாதை கஸ்தூரிபா நகரோடு நிற்கிறது. 'ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளம் போட்டாச்சு, பிளாட்ஃபார்ம்தான் இல்ல சார்' என்பார் யார் கேட்டாலும்.

• விசை கொடுத்துச் செய்யும் வேலைதான் கையைக் கெடுக்கும் என்பது பொதுவான எண்ணம். மவுஸ் கிளிக்குக்கு விசையே தேவையில்லை, அதனால்தான் யாரும் நிறுத்துவதில்லை. மூட்டை தூக்குபவருக்கு உடம்பே போதும் என்று சொல்லிவிடும். ராத்திரி ஒரு மணிக்குத் தூண் நடுபவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

பறக்கும் ரயில்: நேரடி வினாக்களுக்கு

• கடற்கரை–சேப்பாக்கம் 1995. திருமயிலை வரை 1997. வேளச்சேரி வரை 2007. முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் பின்னால் 2014-ல் சேர்ந்தது. அதையும் சேர்த்துக் கடற்கரை முதல் வேளச்சேரி வரை 18 நிலையங்கள்.

• மாம்பலம் வழியாகச் செல்லும் கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் தொடங்கியது 1931, மீட்டர் கேஜில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

• பெரம்பூர் ஐ.சி.எஃப். தொடக்கம்: 2 அக்டோபர் 1955, நேரு.

தட்டச்சு, பேனா

• தமிழ்99 விசைப்பலகை: 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்தியது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. உயிர்மெய் அடிக்கும்போது கைகள் மாறிமாறி வேலை செய்யும். அதிகம் வரும் எழுத்துகள் விரலுக்கு எட்டிய வரிசையில் உள்ளன. கைவலிக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன், சுமை பங்கிடப்படும்.

• எழுத்தர் பிடிப்பு ஆர்.எஸ்.ஐ. பட்டியலில் சேர்க்கப்பட்டாலும் தன்மை வேறு. எழுத ஆரம்பித்ததும் விரல்கள் தாமாக முறுக்கிக்கொள்ளும். மூளையின் இயக்கக் கட்டுப்பாடு சார்ந்த டிஸ்டோனியா வகை அது. முதன்மைத் தேர்வில் மூன்று மணி நேரம் எழுதிவிட்டுக் கை கடுப்பது வெறும் தசைச் சோர்வு, அதை இதோடு சேர்த்துப் பயந்துகொள்ள வேண்டாம். பேனாவை இறுக்கிப் பிடிப்பதைக் குறைத்தாலே பாதி சரியாகும்.

சட்டம்

• சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியல் 2010-ல் திருத்தப்பட்டது. தசை, எலும்பு சார்ந்த கோளாறுகள் அதில் தனிப் பிரிவு, கார்ப்பல் டனலும் உண்டு.

• இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் 1948 (2025 வரை நடைமுறையில் இருந்தது): அறிவிக்கத்தக்க நோய்கள் மூன்றாம் அட்டவணையில் 29. ஈய நச்சு, சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் போன்றவை இருந்தன, கார்ப்பல் டனல் இல்லை. மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையைச் சொன்னது பிரிவு 89. தரமணி ஐ.டி. நிறுவனத்தில் நாளெல்லாம் தட்டச்சு செய்பவரின் மணிக்கட்டே அந்த அட்டவணையில் இல்லாதபோது, சம்பளமில்லாமல் தூண் நட்டவரின் கட்டைவிரலைப் பற்றிச் சட்டம் பேசாததில் வியப்பில்லை.