பெயரை அப்புறம் வை

ஆலங்காயம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

காவலூர் மலைப்பாதையில் உண்ணிப்பூ முன்னால் நீ எடுத்த வீடியோ வந்தது. "கண்ணாடிச் சிறகுப் பட்டாம்பூச்சி மாமா! அமெரிக்கக் காட்டில் இருப்பது நம் ஜவ்வாது மலைக்கு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். உன் உற்சாகம் குறைய வேண்டாம், ஆனால் அது பட்டாம்பூச்சியே இல்லை. பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. செஃபோனோடெஸ் ஹைலஸ் என்று பெயர். 1771-லேயே லின்னேயஸ் விவரித்த இனம்.

வீடியோவை மறுபடி நிதானமாகப் பார். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கிறது. உடல் பச்சையாக, தடித்திருக்கிறது. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு மெல்லிய நூலாகப் போய் நுனியில் குமிழாக முடியும். இதற்குக் கொம்பே தடிமன், நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கூட்டிலிருந்து வெளிவரும்போது இதன் சிறகிலும் சாம்பல் நிறச் செதில்கள் உண்டு. முதல் தடவை பறக்கும்போதே அவை உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு தெரிவதுதான் நீ பார்த்த கண்ணாடி.

நீ நினைத்த கண்ணாடிச் சிறகுப் பட்டாம்பூச்சியான கிரேட்டா ஓட்டோ, மத்திய அமெரிக்காவையும் அதை ஒட்டிய தென்னமெரிக்க வடபகுதியையும் சேர்ந்தது. அதற்குச் செதில் உதிர்வதில்லை. தெளிந்த பகுதியில் செதில்கள் மயிர்போல் மெலிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இடையிலுள்ள சவ்வு முழுக்க, உயரம் ஒழுங்கில்லாத நுண்தூண்கள். அவைதான் ஒளியைத் திருப்பியனுப்பாமல் உள்ளே விடுகின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட அளவின்படி, நன்றாகச் சாய்ந்து பார்த்தாலும் அந்தச் சிறகிலிருந்து திரும்பும் ஒளி 2 முதல் 5 சதவீதம்தான். ஜன்னல் கண்ணாடி நேராகப் பார்த்தாலே 8 சதவீதம் திருப்பிவிடும்.

அப்படியானால் கிரேட்டா ஓட்டோவுக்கு நம் பக்கம் சொந்தமே இல்லையா? இருக்கிறது. கறுப்புச் சிறகில் வெளிர்நீலத் திட்டுகளோடு நீ தினமும் பார்க்கிற நீல வரியன்தான். புத்தகங்களில் புளூ டைகர். முன்பு இவை டானைடே, இத்தோமைடே என்று இரண்டு தனிக் குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இப்போது நிம்ஃபாலிடே குடும்பத்துக்குள் டானைனே என்ற ஒரே துணைக்குடும்பத்தில் சேர்ந்திருக்கின்றன. இரண்டுமே முன்னங்கால்கள் சிறுத்துப்போய், நாலு காலில் நிற்பவை.

நடத்தையிலும் உறவு தெரியும். வாடிய தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் நீல வரியன்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பாய். அவற்றில் பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடிகளின் நச்சுச் சத்தை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணமாக மாற்றிக்கொள்ளும். பறவைக்கு வாயில் வைக்க முடியாதபடி கசப்பாகவும் அதுவே காக்கும். கிரேட்டா ஓட்டோவின் ஆணும் அங்கே சூரியகாந்திக் குடும்பப் பூக்களில் இதே சரக்கைத் தேடித்தான் அலைகிறது. புழுப்பருவத்தில் மட்டும் சாப்பாடு வேறு: அதற்குக் கத்தரிக் குடும்பச் செடி, இதற்குக் கொடிப்பாலை போன்ற பால்கொடி.

கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்த அந்துப்பூச்சி அந்நியம். கொஞ்சமும் ஒத்துப்போகாத நீல வரியன் பங்காளி. அதனால் சாயலை வைத்து உறவு சொல்லாதே. கால், கொம்பு, உட்காரும் விதம், தின்னும் செடி, முட்டையிடும் செடி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பெயரைக் கடைசியில் வை.

பெயர் தவறினாலும் குறிப்பு வீணாகாது என்பதற்கு உன் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைக் கவனிக்கக் காவலூர் வானாய்வகத்தில் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த மறைப்புக்கு முன்பே விண்மீன் சற்று நேரம் மங்கியது. புதிய துணைக்கோள் என்றே அதை அறிவித்தார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்ததில் யுரேனஸின் வளையங்கள் என்று தெரிந்தது. பெயர் மாறியது, நேரம் குறித்த அந்தப் பதிவு வளையங்களுக்கே சாட்சியானது.

ஆகவே அந்த வீடியோவை அழிக்காதே. தேதி, நேரம், இடம், பூ எல்லாம் எழுதி வை. அடுத்து அந்த அந்துப்பூச்சியின் புழுவைத் தேடு. பெரும்பாலும் காப்பிச்செடிக் குடும்பத்தைத்தான் தின்னும் என்பதால் மருக்காரை, பாவட்டை இலைகளைப் புரட்டிப் பார். வால்பக்கம் ஒற்றைக் கொம்போடு இருக்கும். கிடைத்தால் ஒன்று போதும். அடியில் மண்ணும் சருகும் போட்ட டப்பாவில், தினம் புது இலை கொடுத்து வளர். பூச்சி வெளிவந்ததும் உடனே திறந்துவிடாதே. செதிலோடு இருக்கும் சிறகைப் படமெடுத்துவிட்டுப் பிறகு பறக்கவிடு.

மழைக்காலத்தை ஒட்டி நீல வரியன்கள் கூட்டமாக இடம்பெயரும், கிழக்கு மலைகளுக்கும் மேற்கு மலைகளுக்கும் இடையே. எந்தத் திசையில் போகின்றன, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன என்று எண்ணி எனக்கு எழுது. ஒன்றுமே பறக்காத நாளையும் விடாமல் எழுது. அந்தக் கணக்கும் வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா